நிலையான வேலையும் நிழற்படக் கருவியும்

தை பிறந்துவிட்டால் நம் கோவில்களில் ஞாயிறுதோறும் திருமண ஓலைகள் வாசிக்கப்படுகின்றன. பந்தலுக்கும் சமையலுக்கும் ஆள் தேடுவதற்கு முன்னரே மணவீட்டார் புகைப்படக்காரரைத் தேடிச் சென்று முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை என எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் ஸ்டூடியோப் பலகைகள் கண்ணில் படுகின்றன. இவற்றைக் காணும் இளைஞர் பலருக்கு, நாமும் இத்தொழிலுக்கு வந்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே.

படித்து முடித்து வேலை தேடும் பிள்ளைக்கு இவ்வெண்ணம் எழுந்தால் வீட்டில் பெரிய கலக்கம் உண்டாவதில்லை. ஏற்கெனவே ஒரு வேலையில் அமர்ந்து, திங்கள்தோறும் ஊதியம் வாங்கி, வீட்டிற்குத் தூணாக நிற்கும் மகன், "இந்த வேலை எனக்கு வேண்டாம், கேமராவை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும்போதுதான் கலக்கம் பிறக்கிறது. தாய் அழுகிறாள். தந்தை பேசாதிருக்கிறார். மணமானவனாயின், மனைவி பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நினைத்து அஞ்சுகிறாள். மணமாகாதவனாயின், "ஸ்டூடியோக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று உறவினர் கேட்கின்றனர்.

மகன் சோம்பேறி அல்லன். பெற்றோரும் கல்நெஞ்சர் அல்லர். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால்தான் இக்கேள்வி குடும்பங்களைப் பிளக்கிறது. இதைப் பற்றி இத்திங்கள் நாம் சற்று நின்று சிந்திப்போம். இதற்கு முன் இவ்வழியில் நடந்தவர்கள் எவ்வாறு நடந்தார்கள் என்பதை அறிந்துகொண்டால் நம் முடிவு தெளிவு பெறும்.

கேமராவுடன் வந்த கேப்டன்

வேலையை விட்டுக் கேமராவை ஏந்தியவர்களின் வரலாறு நம் புதுக்கோட்டைக்குப் புதிதன்று. 1858ஆம் ஆண்டிலேயே அத்தகைய ஒருவர் இம்மண்ணில் கால் வைத்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தின் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் 1822இல் பிறந்து, பதின்பருவத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுமுறையில் தாய்நாடு சென்றபோது, அக்காலத்தில் புதுக்கலையாக இருந்த புகைப்படத்தை அவர் கற்றுக்கொண்டார். மீண்டும் இந்தியா வந்ததும் ஹளேபீடு, பேளூர்க் கோவில்களைத் தம் விருப்பத்திற்காகப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. அதே ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற அரசுத் தூதுக் குழுவில் அவர் புகைப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். 1856இல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராகவே நியமித்தது. படைவீரர் ஒருவர் முறைப்படி புகைப்படத் தொழிலராக மாறிவிட்டார்.

1857ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களோடு, இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சியிலிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தையும் படமெடுத்தார். புதுக்கோட்டைக் காட்சிகள் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. அந்நாளில் படமெடுப்பதென்பது விரலால் ஒரு பொத்தானை அழுத்தும் செயலன்று. ஏறத்தாழ 15 அங்குல அகலமுள்ள தாளுக்கு மெழுகு ஏற்றி, வெள்ளி உப்பில் தோய்த்து, பெரிய மரப்பெட்டிக் கேமராவில் பொருத்தி, நிமிடக்கணக்கில் ஒளியைக் காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் மெழுகு இளகினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். இத்தனை இடையூறுகளுக்கிடையே அவர் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

பிறகு நடந்ததுதான் நாம் கருதிப் பார்க்க வேண்டியது. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் அரசுச் செலவுகளைக் குறைக்கத் தொடங்கினார். புகைப்படம் எடுப்பது ஆடம்பரச் செலவு என்பது அவர் கருத்து. 1860இல் டிரைப்பின் புகைப்பட நிலையம் மூடப்பட்டது. அவர் மீண்டும் படைப்பணிக்கே திரும்பினார். அதன் பின் அவர் கேமராவைத் தொட்டது மிக அரிது. 1902இல் அவர் இறந்தபோது அவரைப் புகைப்படக் கலைஞராக நினைத்தவர் சிலரே. ஆயினும் அவர் எடுத்த படங்கள் அழியவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைக் காட்சிக்கு வைத்தன.

இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. டிரைப்பின் திறமையில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. அவருடைய வருவாய் முழுவதும் ஒரே கையிலிருந்து வந்தது; அந்தக் கை மூடியதும் தொழிலும் முடிந்தது. இன்று ஒரே நிறுவனத்தையோ ஒரே முகவரையோ ஒரே மண்டபத்தையோ நம்பித் தொழிலில் இறங்குவோர் இதை மறவாதிருத்தல் நன்று. மற்றொன்று, திரும்பிச் செல்ல அவருக்கு ஒரு வேலை இருந்தது என்பது. நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வாறு ஒன்று காத்திருப்பதில்லை.

பொறுத்திருந்து மாறிய பொறியாளர்

இனி நம் நாட்டவர் ஒருவரைப் பார்ப்போம். வடநாட்டில் மீரட்டுக்கு அருகேயுள்ள சர்தானாவை நம் கத்தோலிக்க மக்கள் அருள்நிறை அன்னையின் பேராலயத்தால் அறிவர். அவ்வூரில் 1844இல் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவர் லாலா தீன்தயாள். ரூர்க்கிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூரில் அரசுப் பொதுப்பணித் துறையில் வேலைக்கு அமர்ந்தார். 1874ஆம் ஆண்டளவில் அவருக்குப் புகைப்படத்தில் நாட்டம் உண்டாயிற்று. அதற்காக அவர் மறுநாளே வேலையை உதறிவிடவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் அரசுப் பணியில் இருந்துகொண்டே கலையில் தேர்ந்தார். வேல்ஸ் இளவரசரும் மேலதிகாரிகளும் அவர் படங்களைக் கண்டு பாராட்டினர். 1885இல் இரண்டாண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று படமெடுத்தார். தம் தொழில் தம்மையும் தம் குடும்பத்தையும் தாங்கும் என்று கண்டபிறகே அரசுப் பணியினின்றும் விலகினார்.

பின்னர் அவர் ஹைதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரரானார். இந்தூர், செகந்திராபாத், பம்பாய் ஆகிய நகரங்களில் ஸ்டூடியோக்கள் நடத்தினார். 1897இல் விக்டோரியா அரசியாரின் நியமனப் பத்திரமும் அவருக்குக் கிடைத்தது. டிரைப்பைப் போல் அவர் ஒரே கையை நம்பவில்லை. அரசர், அதிகாரிகள், வணிகர், பொதுமக்கள் எனப் பல வாயில்களைத் திறந்து வைத்திருந்தார். 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கி, அதன் பொறுப்பை ஒரு பெண்மணியிடமே ஒப்படைத்தார்.

இச்செய்தியை நம் பெண்மக்களின் பெற்றோரும் கருத்தில் கொள்ள வேண்டும். மணமகள் அலங்காரம் செய்துகொள்ளும் அறையில் அந்நிய ஆடவர் கேமராவுடன் நிற்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. அவ்விடத்தில் ஒரு பெண் புகைப்படக்காரர் இருந்தால் எத்துணை நலம்! 1991ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கத்தின் நாள்களில் நம் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றபோது கேலி பேசியவர்களும் இருந்தனர். அவர்கள் அக்கேலியைப் பொருட்படுத்தாது ஓட்டினர். கேமராவும் அவர்கள் கைக்கு எட்டாத பொருளன்று.

சேர்ந்து எடுத்த முடிவு

செபஸ்தியான் சல்காடோ என்னும் பெயரை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். பிரேசில் நாட்டில் 1944இல் பிறந்து, பொருளாதாரம் பயின்று, இலண்டனிலிருந்த பன்னாட்டுக் காப்பி நிறுவனத்தில் பணியாற்றியவர். அலுவலின் பொருட்டு ஆப்பிரிக்கா செல்லும்போது தம் மனைவி லேலியாவின் கேமராவை எடுத்துச் சென்றார். திரும்பி வந்து அறிக்கைகளை எழுதுவதைவிட அப்படங்களில்தான் தம் மனம் நிற்கிறது என்பதை உணர்ந்தார். 1973இல் நல்ல ஊதியமுள்ள அப்பணியை விட்டார்.

இது அவர் ஒருவரின் முடிவாக இருந்திருந்தால் அந்தக் குடும்பம் என்னவாகியிருக்குமோ! ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. பிற்காலத்தில் அவர் உழைப்பாளிகளையும் அகதிகளையும் எடுத்த படங்களைத் தேர்ந்து, நூல்களாகவும் கண்காட்சிகளாகவும் அமைத்தவர் லேலியாவே. தந்தையின் பண்ணை நிலம் காடிழந்து வறண்டு கிடந்ததைக் கண்டு, 1998இல் ஓர் அமைப்பை நிறுவி, இலட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டு அதை மீண்டும் காடாக்கியதும் இருவரும் சேர்ந்தே. 2025ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபோது உலகம் முழுவதும் அஞ்சலி செலுத்தியது.

திருமணத் திருவருட்சாதனத்தில் இணைந்த இருவருக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. கணவன் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் செய்தியாக அறிவிப்பது முறையன்று. முதல்நாளே மனைவியிடம் மனம் திறந்து பேச வேண்டும். அவள் அஞ்சுவது எதற்காக என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவளுடைய அச்சமே அவன் கணக்கில் விட்டுப்போன செலவினங்களை எடுத்துக் காட்டும்.

நம் நாட்டில் ரகுராய் என்பவர் பொறியாளர் பணியை விட்டு வந்தவரே. அவர் தமையனார் எஸ். பால் புகைப்படக் கலைஞர். ஒரு கழுதைக் குட்டியைத் தம்பி எடுத்த படத்தைத் தமையனார் இலண்டன் பத்திரிகைக்கு அனுப்பிவைக்க, அது அச்சாகி, அவர் வாழ்வின் திசையே மாறிற்று. பின்னாளில் புனித அன்னை தெரேசாவின் பணிகளைப் பல்லாண்டுகள் படமெடுத்து நூல்களாகத் தந்தார். 1984இல் போபால் நச்சுவாயுக் கொடுமையில் இறந்த பெயர் அறியாக் குழந்தையின் முகத்தை உலகின் மனச்சான்றுக்கு முன் வைத்தவர்களில் அவரும் ஒருவர். நமக்கு அருகில், மதுரையில், மீன் விற்கும் தாயின் உழைப்பில் பொறியியல் படித்த பழனிக்குமார் என்னும் இளைஞர், கழிவுக்குழிகளில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களின் துயரைத் தம் கேமராவால் வெளிப்படுத்தினார். பட்டம் வீணாயிற்று என்று இவரைப் பார்த்து யார் சொல்வார்?

விடாமலே வென்றவர்

எல்லாரும் வேலையை விட்டுத்தான் ஆகவேண்டுமா? இல்லை. இத்தாலியில் செக்கோந்தோ பியா என்றொரு வழக்கறிஞர் இருந்தார். புகைப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1898ஆம் ஆண்டு மே 28 அன்று தூரின் நகரப் பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த திருச்சீலையைப் படமெடுக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. நள்ளிரவில் இருட்டறையில் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, நெகட்டிவில் தெளிந்த முகமொன்று தோன்றுவதைக் கண்டு அவர் கைகள் நடுங்கின என்பர். அச்சீலையின் காலத்தைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. திருச்சபை அதுபற்றித் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. ஆனால் அந்தப் படம் கோடிக்கணக்கான மக்களை ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கச் செய்தது. அதை எடுத்தவர் தம் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிடவில்லை.

ஆகவே வேலையில் இருந்துகொண்டே கலையை வளர்ப்பதும் தாழ்ந்த வழியன்று. திருத்தூதர் பவுல் நற்செய்தி அறிவித்த காலத்திலும் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிசில்லா என்னும் தம்பதியருடன் கூடாரம் செய்து தம் உணவைத் தேடிக்கொண்டார் அல்லவா? ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைப்போம். அரசுப் பணியாளர் முன் அனுமதியின்றித் தனித்தொழில் நடத்தி வருவாய் ஈட்டுதல் நடத்தை விதிகளுக்கு மாறானது. பணியைத் துறந்தால் அதுவரையிலான பணிக்காலத்தின் ஓய்வூதியப் பயனையும் இழக்க நேரிடும். விடுப்பு எடுக்கலாமா, விருப்ப ஓய்வுக்குத் தகுதி உண்டா என்பதை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடிதம் எழுத வேண்டும். கோபத்தில் எழுதிய விலகல் கடிதம் குடும்பத்தின் முதுமைக்காலச் சோற்றில் மண்ணைப் போட்டுவிடக்கூடும்.

பன்னிரு திங்களின் கணக்கு

கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் உவமை கூறினார். நாமும் உட்கார்ந்து கணக்கிடுவோம்.

தை, வைகாசி, ஆவணித் திங்களில் ஒரு புகைப்படக்காரர் ஈட்டுவதைக் கண்டு ஆண்டு முழுவதும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுதல் பெரும் பிழை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் இல்லை. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நம் கோவில்களில் திருமணங்கள் அரிது. ஆக ஆண்டில் பல திங்கள் பாஸ்போர்ட் அளவுப் படங்களையும் பிறந்தநாள் விழாக்களையும் நம்பியே காலம் தள்ள வேண்டும். ஆனால் கடன் தவணை ஆடி என்றும் தவக்காலம் என்றும் பார்ப்பதில்லை. கேமரா ஒன்று போதாது; மணமேடையில் அது பழுதுபட்டால் மாற்றாக மற்றொன்று வேண்டும். லென்சுகள், ஒளிவிளக்குகள், கணிப்பொறி, ஆல்பம் அச்சிடும் செலவு, உதவியாளருக்குக் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேலையை விடுமுன் குடும்பச் செலவுக்கு ஓராண்டுக்குரிய தொகையாவது தனியே இருத்தல் நலம். வீட்டையோ மனைவியின் நகையையோ அடகு வைத்துக் கேமரா வாங்குவதைவிட, சிறிது காலம் வாடகைக்கு எடுத்தும், தேர்ந்த ஒருவரிடம் உதவியாளராக நின்றும் பழகிக்கொள்வது அறிவுடைமை.

இத்தொழில் மாறிக்கொண்டே இருப்பது என்பதையும் மறக்கலாகாது. உதகமண்டலத்தில் 1960இல் தோன்றிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம் சுருள்கள் ஒருகாலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்களில் புழங்கின. பிலிம் இல்லாத டிஜிட்டல் கேமராவை 1975இல் முதன்முதல் உருவாக்கியவர் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன். அதே கோடக் 2012இல் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. நம் உதகை ஆலையும் நலிந்து மூடப்பட்டது. சிவப்பு விளக்கு எரிந்த இருட்டறைகள் பல இன்று சேமிப்பறைகளாகிவிட்டன. மாற்றத்தைக் கற்றுக்கொண்ட புகைப்படக்காரர் பிழைத்தனர். கற்க மறுத்தவர் கடையை மூடினர். இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படமெடுக்கின்றனர். அவர்களால் எடுக்க இயலாத எதை நாம் எடுக்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவியைவிடப் பெரியது

ஒரு மணவீட்டார் புகைப்படக்காரரை எவ்வளவு நம்புகின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள். சமையல் கெட்டால் மறுவேளை சமைக்கலாம். தாலி கட்டும் நேரத்தை மீண்டும் அழைக்க முடியாது. பாட்டியாருக்கு அதுவே பேரனுடன் எடுத்துக்கொள்ளும் கடைசிப் படமாக இருக்கக்கூடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபோது கூரையையும் தென்னையையும் இழந்த குடும்பங்கள் பல. கூரையை மீண்டும் வேயலாம். தென்னையை மீண்டும் நடலாம். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட திருமண ஆல்பத்தை எங்கே வாங்குவது? ஆகவே எடுத்த படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வைப்பது ஒரு புகைப்படக்காரரின் கடமையாகும். முன்பணம் வாங்கிய வேலையைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பதும், பேசிய தொகைக்கு மேல் கேளாதிருப்பதும், பெண்களின் படங்களை அவர்கள் இசைவின்றி எவருக்கும் காட்டாதிருப்பதும் அவ்வாறே.

கோவிலுக்குள் நடந்துகொள்ளும் முறையும் உண்டு. எழுந்தேற்ற வேளையில் பீடத்தின்மீது ஏறி நின்று மின்னொளி பாய்ச்சுவதைக் கண்டு இறைமக்கள் வருந்துகின்றனர். பங்குத் தந்தையிடம் முன்னதாகவே பேசி, எங்கே நிற்கலாம், எப்போது எடுக்கலாம் என அறிந்து அமைதியாகப் பணியாற்றுவோரை எல்லாரும் மீண்டும் அழைப்பர். இன்னுமொன்று: பிறர் திருமணத்திற்காக ஞாயிறுதோறும் ஓடும் புகைப்படக்காரர் தம் ஞாயிறு கடனை மறந்துவிடக்கூடும். சனி மாலைத் திருப்பலி பல பங்குகளில் உண்டு. ஆண்டவருக்குரிய நேரத்தைத் தேடிக்கொள்ள மனமிருந்தால் வழியும் உண்டு.

இத்தகைய நேர்மையுடன் செய்யப்படும்போது இத்தொழிலுக்கு இழுக்கு ஏது? 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலையின் மாண்பு அது எவ்வகை வேலை என்பதைவிட, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதிலேயே அடங்கியுள்ளது எனத் தெளிவாக்கினார். சமூகத் தொடர்புக் கருவிகளை நன்மைக்குப் பயன்படுத்தும்படி 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனி ஏடு ஒன்றின் வழியாக நம்மை அழைத்தது. சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்துத் தன் துகிலில் அதைப் பெற்றுக்கொண்ட புனித வெரோணிக்காவைப் புகைப்படக்காரர்கள் தங்கள் பாதுகாவலியாகக் கொள்கின்றனர். அவர் அம்முகத்தைத் தேடிச் சென்றது பொருளுக்காகவோ புகழுக்காகவோ அன்று. துன்புறும் ஒருவருக்கு உதவ முன்வந்தார். பிறர் முகத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பும் எவரும் அவ்வன்பை நினைவிற்கொள்வது தகும்.

படமெடுக்கத் தக்கவை நம் மாவட்டத்தில் திருமணங்கள் மட்டுமல்ல. சித்தன்னவாசல் ஓவியங்கள் மங்கி வருகின்றன; பழைய படங்கள்தான் அவற்றின் முந்தைய நிலைக்குச் சான்று. ஆவூர்ப் பெரியநாயகி அன்னையின் திருத்தேர், தச்சன்குறிச்சியில் விண்ணேற்பு அன்னை ஆலய விழாவையொட்டி நிகழும் ஜல்லிக்கட்டு, அய்யனார் கோவில்களின் பெரிய குதிரைகள், கல்லுடைக்கும் பெண்களின் கைகள் எல்லாம் பொறுமையுள்ள கண்ணுக்காகக் காத்திருக்கின்றன. இவற்றை ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சேர்ப்பவர் தம் பிழைப்போடு ஊரின் வரலாற்றையும் காக்கிறார்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

வேலை மாற விரும்பும் தம்பி தங்கையரே, முதலில் உங்கள் உள்ளத்தைச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் கேமராவை நாடிச் செல்கிறீர்களா, அல்லது இப்போதைய வேலையிலுள்ள மேலதிகாரியைவிட்டு ஓடுகிறீர்களா? இரண்டாவதாயின், புதிய தொழிலில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் உங்களுக்கு மேலதிகாரியே என்பதை விரைவில் அறிவீர்கள். விடியற்காலையில் எழுந்து, கூலியின்றியும் படமெடுக்கும் ஆவல் மூன்றாண்டுகளாயினும் குன்றாது இருந்தால், அதை ஆண்டவர் தந்த தாலந்து என்று நீங்கள் கருதலாம். அவ்வாறாயின் தீன்தயாளைப் போல் பொறுத்திருந்து, கணக்கிட்டு, குடும்பத்தாரின் இசைவோடு அடியெடுத்து வையுங்கள். ஒரு கால எல்லையையும் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தொழில் நிலைபெறவில்லையெனில் மீண்டும் வேறு வேலைக்குச் செல்வதில் வெட்கமில்லை. டிரைப் திரும்பிச் சென்றார். அதனால் அவர் எடுத்த படங்களின் மதிப்புக் குறையவில்லை.

அன்புப் பெற்றோரே, உங்கள் மகன் நல்ல வேலையை விடும்போது உங்கள் நெஞ்சு பதறுவது எங்களுக்குத் தெரியும். அவனைப் படிக்கவைக்க நீங்கள் பட்ட கடனும் பசியும் உங்களுக்குத்தான் தெரியும். அதை அவனிடம் சொல்லுங்கள். ஆனால் "உருப்படமாட்டாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல் ஒருமுறை நுழைந்துவிட்டால், தொழிலில் இடையூறு வரும்போது அவன் வீட்டிற்குத் திரும்பி வர அஞ்சுவான். தாலந்தைப் புதைத்தவன் தலைவனுக்கு அஞ்சியே புதைத்தான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பிள்ளைகளின் உள்ளத்தில் அத்தகைய அச்சத்தை நாம் விதைத்தல் ஆகாது.

ஒருநாள் மாலைச் செபத்திற்குப் பின் குடும்பமாக அமர்ந்து, ஒரு தாளில் வரவையும் செலவையும், அச்சத்தையும் ஆசையையும் எழுதிப் பாருங்கள். முடிவு எதுவாயினும் அது எல்லாரும் அறிய எடுத்த முடிவாக இருக்கட்டும். வேலையில் நிலைத்திருப்பவனாயினும், விட்டு வருபவனாயினும், அவன் உழைப்பை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர் நம் இல்லங்களில் உழைப்போர் அனைவருக்கும் துணை நிற்பாராக.